ட்ரேட் விலைக்கு ஒரு சமையலறை

"அக்கா, இந்தச் சனிக்கிழமை ஒனக்கு வேலை இருக்கா?"

போனில் தங்கச்சி செல்வி. இல்லை என்றேன்.

"அப்ப கூட வா. பேன்ட்ரி வாங்கப் போறேன்."

பேன்ட்ரி என்றால் சுவரோடு சேர்த்துப் பொருத்துகிற சமையலறை அலமாரிகள். கீழே இழுப்பறை, மேலே தட்டு, நடுவில் பளபளவென்று ஒரு கல். ஹட்டனில் டீச்சராக இருந்துகொண்டு பத்திரிகையில் பத்தியும் எழுதும் என் வீட்டிலேயே அது கிடையாது. நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற செல்விக்கு எதற்கு? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே அசிங்கம்தான். ஆனாலும் தோன்றியது. உங்களிடம் மறைப்பானேன்?

செல்வியும் அவள் கணவன் மூர்த்தியும் லயத்து வரிசை அறையை விட்டு, வீட்டுத் திட்டத்தில் கிடைத்த தனி வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறது. மூர்த்திக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை; மாதம் ஒருமுறை வருவார். வீடு புதிது. சமையல் மட்டும் பழையபடி தரையில்தான். சமையலறை என்று நான்கு சுவர் கொடுத்தார்கள்... அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

போன வருடம் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கும்போது செல்விக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி வலது காலில். மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. "இனிமே குனிஞ்சு சமைக்காதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"ஒரு மேசை வாங்கி அடுப்பை வச்சா போதாதா?" என்று கேட்டேன்.

"அடுப்பு மேல இருக்கும். அரிசி, பானை, சட்டியெல்லாம் எங்க இருக்கும்? தரையிலதானே? ஒவ்வொண்ணுக்கும் குனியணும்ல."

நியாயம்தானே? சீட்டுக் காசு அந்த மாதம் அவள் கைக்கு வருகிறது. போனோம்.

ஹட்டன் டவுனில் அந்தக் கடைக்குள் நுழைந்தால் வெளியில் மழை பெய்வதே மறந்துவிடும். அவ்வளவு லைட். விற்பனைப் பெண் எங்களை உட்காரவைத்து, செல்வி சொன்ன அளவுகளைக் கம்ப்யூட்டரில் தட்டினார். இரண்டு நிமிடத்தில் திரையில் ஒரு சமையலறை எழுந்து நின்றது. செல்வி முன்னால் குனிந்து பார்த்தாள். "அந்த ஜன்னல் எங்க வீட்டு ஜன்னல் மாதிரியே இருக்கு" என்றாள்.

பிறகு விலை வந்தது.

முதலில் ஒரு பெரிய விலை. அதன் மேல் சிவப்புக் கோடு. கீழே சற்றே சின்ன விலை. "இந்த வாரம் மட்டும்தாங்க இந்த விலைக் கழிவு." சீட்டுக் காசு முழுதையும் போட்டாலும் முக்கால்வாசிதான் தேறும். செல்வி விலை அச்சிட்ட தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

அப்போதுதான் ஒரு மனிதர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். சுனில் பாஸ் என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் கைத்தொழில்காரர் எல்லாரும் பாஸ்தானே? இவர் தச்சு பாஸ். எங்களுக்குத் திரையில் காட்டிய அதே கதவுகளைப் பெயர் சொல்லிக் கேட்டார். பில் போட்டார்கள். பக்கத்து மேசைதான், காதில் விழாமல் இருக்குமா? எங்களுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"அவருக்கு மட்டும் எப்படிங்க அந்த விலை?" செல்வி மெதுவாகத்தான் கேட்டாள்.

"அது ட்ரேட் விலைங்க அக்கா. தொழில் செய்றவங்களுக்கு."

எனக்குள் இருந்த பத்தி எழுத்தாளர் விழித்துக்கொண்டார். இது என்ன அநியாயம், ஒரே பொருளுக்கு இரண்டு விலையா, நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்றெல்லாம் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ குடிக்கிறீங்களா மிஸ்?" என்றார். என் பத்தியின் பலம் அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் செல்வியைக் காணோம்.

வெளியே, சுனில் பாஸ் கதவுகளை ஆட்டோவில் கட்டிக்கொண்டிருந்தார். செல்வி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாகவே பேசுவாள். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த விலை எனக்குக் கொடுக்கிற பரிசு இல்லைங்க. கடை ஒங்களுக்குச் சொல்ற விலையில லொறி இருக்கு. அளக்க வர்ற ஆளு, பொருத்துற ஆளு இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள கதவு தொங்கினா வந்து சரிபண்ணிக் கொடுக்கிறது இருக்கு. உள்ள எரியுதே லைட்டு, அதுவும் இருக்கு. எனக்கு அது எதுவும் கிடையாது. பலகையைக் கையில கொடுத்துருவாங்க. வாசலைத் தாண்டினா ஒடஞ்சாலும் வளஞ்சாலும் என் பாடு."

"அப்ப நான் நேரா ஒங்ககிட்ட வந்தா?"

"வாங்க. ஆனா பொருத்துறதுக்கு நான் கூலி கேப்பேன். லொறிக்கு நீங்க கொடுக்கணும். கூட்டிப் பாத்தா கடை விலையை விடக் கொஞ்சம்தான் கொறையும். ஒரு வீட்டுக்குன்னா."

கிளம்பும்போது அவராகவே இரண்டு விஷயம் சொன்னார். கடைக்கு ஆள் கூட்டிவருகிறவருக்கு கமிஷன் உண்டு. "நான் ஒங்களைக் கூட்டிட்டு வந்திருந்தா ஒங்க பில்லுல எனக்கும் பங்கு இருந்திருக்கும். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." அப்புறம், திரையில் பார்த்த அந்தப் பளபளப்புப் பலகை. நம் ஊர்ப் பனிக்கு இரண்டு மழைக்காலம் தாங்காதாம், ஊதிவிடுமாம். கீழ்ப்பகுதிக்கு அலுமினியம் போடச் சொன்னார்.

பஸ்ஸில் நான் புலம்பிக்கொண்டே வந்தேன். செல்வி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். டிக்கோயா தாண்டும்போது திடீரென்று கேட்டாள்.

"ஒரு வீட்டுக்குன்னா-ன்னு சொன்னாருல்ல?"

"ஆமா."

"எங்க லைன்ல எல்லா வீடும் ஒரே பிளான்தானே அக்கா..."

பாருங்கள், நான் அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்? அறுபது வீடு. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே சமையலறை. ராத்திரியில் வீடு மாறிப் போய்விடுவோமோ என்று கிண்டல் செய்ததோடு சரி. அளவு ஒன்று, லொறி ஒன்று, செலவு பங்கு; அது ஒரு பலம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. அளவு நாடாவோடு வீடு வீடாகப் போனாள். அவளையும் சேர்த்து ஆறு வீடு தேறியது. அடுத்த சனிக்கிழமை கடை முதலாளியையே பார்த்து, ஆறு வீட்டுக்கு ட்ரேட் விலை பேசி முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

துள்ளல் நான்கு நாள்தான். ஒரு வீட்டில் கணவர் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொரு வீட்டில் மகளின் படிப்புச் செலவு குறுக்கே வந்தது. செல்வியையும் சேர்த்து நான்கு பேர் மிச்சம்.

"நாலு வீட்டுக்கு அந்த விலை கட்டாதும்மா" என்றார் முதலாளி. இந்த முறை நானும் போயிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

செல்வி கடையைச் சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவு லைட்டு எதுக்குங்க போட்டிருக்கீங்க?"

"பாக்கிறவங்களுக்குப் பிடிக்கணும்ல."

"எங்க தோட்டத்துல இருந்து இங்க எத்தனை பேரு வந்து பாத்திருக்காங்க?"

அவர் யோசித்தார். "நீங்கதான் வந்திருக்கீங்க."

"வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருவாங்கங்க. உள்ள வரக் கூச்சம். எனக்கும் அப்படித்தான், எங்க அக்காவைத் தொணைக்குக் கூட்டிட்டு வந்தேன். அதே சாமானை எங்க வீட்டுல மாட்டிட்டா? எல்லாரும் வருவாங்க. எங்க வீட்டுல பாத்தா அது அவங்க வீட்டுல இருக்க மாதிரியேதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை நான் கதவைத் திறந்தே வைக்கிறேன். மிச்சம் அம்பத்தாறு வீடு இருக்குங்க."

முதலாளி மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். செல்வியின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"நாலுக்குமே ட்ரேட் விலை போட்டுக்கிறேன்" என்றார் கடைசியில். "ஆனா லொறி, பொருத்துறது எல்லாம் ஒங்க பொறுப்பு. அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேங்க. இனிமே ஆள் கூட்டிட்டு வந்தா பாஸுக்குக் கொடுக்கிற மாதிரி எனக்கும் கமிஷன் கொடுப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று செல்வி என்னைப் பார்த்தாள். "கொழுந்து பறித்தல்" என்று எழுதினேன். ட்ரேட் வாடிக்கையாளர் பட்டியலில் அந்தத் தொழில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எல்லாம் சுபம் என்று நினைக்கிறீர்களா? ட்ரேட் விலை என்றால் என்ன என்பது சாமான் வந்த அன்றுதான் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது.

மூன்று நாள் மழை. தோட்டத்துப் பாதையின் வளைவில் லொறி நின்றுவிட்டது. மேலே ஏறாது என்றுவிட்டார் டிரைவர். நான்கு வீட்டுப் பெண்களும் கீழே இறங்கி, பலகைகளைப் பிளாஸ்டிக் சீட்டில் சுற்றித் தலையில் தூக்கினார்கள். முதுகு வலிக்காரி எதையும் தொடக் கூடாது என்று செல்வியை அதட்டி, குடை பிடிக்கும் வேலையை மட்டும் கொடுத்தார்கள். நான் கதவுப் பிணைச்சல்களும் கைப்பிடிகளும் இருந்த பெட்டியைச் சுமந்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. கடை விலையில் லொறி இருக்கு என்று பாஸ் சொன்னதற்கு அர்த்தம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிளான் ஒன்றுதான். சுவர் கட்டியவர்கள் வேறு வேறு ஆட்கள். மூன்றாவது வீட்டில் சுவர் ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது. சுனில் பாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பத்து நிமிடம் அந்தச் சுவரையே பார்த்தார். பிறகு மெல்லிய மரப்பட்டி ஒன்றைச் சீவி இடைவெளியில் வைத்தார். இருந்த இடம் தெரியவில்லை.

ஒரு கதவில் மட்டும் குறுக்காக ஒரு விரிசல். கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும், பார்க்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை என் வீட்டுல மாட்டுங்க பாஸ்" என்றாள் செல்வி. "பேசி வாங்குனது நான்தானே."

மூலையில், பக்கவாட்டில் வருகிற மாதிரி அதை மாட்டிக்கொடுத்தார். உற்றுப் பார்த்தால் தெரியும். வருகிறவர்களிடம் அவளே காட்டிவிடுகிறாள். "வாங்கும்போது இதைப் பாத்து வாங்குங்க."

மூர்த்தி அந்த மாதம் வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாராம். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து மூடிப் பார்த்தாராம். "எங்க ஹோட்டல்ல கூட இப்படி இல்ல" என்றாராம். அன்று அவரே சமைத்தார். நின்றுகொண்டு.

போன ஞாயிறு நான் போயிருந்தபோது ராகலையிலிருந்து ஒரு அம்மா, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், பார்க்க வந்திருந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார், விலையை விசாரித்தார். செல்வி கணக்கைப் பிரித்துச் சொன்னாள். பலகைக்கு இவ்வளவு, பாஸுக்கு இவ்வளவு, லொறிக்கு இவ்வளவு. கடைசியில், "நீங்க என் பேரைச் சொல்லி வாங்குனா கடையில எனக்கு இவ்வளவு கொடுப்பாங்க" என்று அதையும் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா?

அந்த அம்மா கல்லை இன்னொரு தடவை தடவினார். பிறகு, "சொல்லிட்டீங்கள்ல, அது போதும்" என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

யோசித்துப் பார்த்தால் நமக்கு விலை அதிகம் என்பதில் அவ்வளவு கோபம் வருவதில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாததில்தான் வருகிறது. கேட்கவும் கூச்சம். கேட்டால் வாங்க வசதியில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று. படித்த எனக்கே அந்தக் கூச்சம் இருந்தது. அதை மறைக்கத்தான் அன்று கடையில் அத்தனை சத்தம் போட்டேன். செல்வி சத்தம் போடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இந்தச் சனிக்கிழமை என் சமையலறையை அளக்க வருகிறாள். அக்காவிடமும் கமிஷன் உண்டாம்.