மூக்கு மாஸ்டர்

என் அக்காவின் கணவருக்குப் பால் பண்ணையில் மோந்து பார்க்கிற வேலை. லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கேனையும் திறந்து மூக்கை நீட்டுவார். நல்ல பால் என்றால் தலையாட்டுவார். புளிப்புத் தட்டினால் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவார். லாரிக்காரர்கள் வைத்த பெயர்தான் மூக்கு மாஸ்டர். "மாஸ்டர், காலையில நான் என்ன சாப்பிட்டேன், சொல்லுங்க" என்று ஒருவன் வாயை ஊதிக் காட்டினால், "பொண்டாட்டிகிட்ட திட்டு" என்பார்.

நான் அவர்கள் வீட்டோடு இருந்தவள். ஒரு நாள் அடுப்பில் பால் வழிந்து கருகிப் புகை மண்டியது. அத்தான் அதற்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஓடி வந்தாள்.

"வீட்டுக்கு வந்தா மூக்குக்கு லீவா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே அவருக்கு மலச்சிக்கல் இருந்தது. "உள்ளேயே குடி போயிட்டாரா?" என்று கழிவறைக் கதவைத் தட்டுவோம். பிறகு தூக்கத்தில் கத்த ஆரம்பித்தார், கை காலை வீசினார். கனவில் யாரோ துரத்துகிறானாம். ஒரு காலையில் அக்காவின் கன்னம் வீங்கியிருந்தது. எங்கள் அண்ணன் வந்து பார்த்தான்.

"குடிச்சிட்டு அடிக்கிறானா? மறைக்காம சொல்லு."

"தூக்கத்தில கை பட்டுடுச்சுண்ணே."

"ஆமா, தூங்கிக்கிட்டே அடிக்கிறான். எவன் காதுல பூ சுத்துற?"

மூக்கு போனது தெரிந்தால் வேலை போய்விடும். அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். மூடியைத் திறந்து மோப்பது போல் குனிந்து, கேனின் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் நல்ல பால், வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகம். கொஞ்ச காலம் அது ஓடியது. பிறகு ஒரு லாரிக்காரன் கெட்ட பாலை ஈரச் சாக்கால் சுற்றிக் குளிரவைத்துக் கொண்டுவந்தான். அத்தான் தலையாட்டினார். டேங்க் முழுவதும் திரிந்துபோனது.

"எவ்வளவு வாங்கினே?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"வாசனையே தெரியலன்னு அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"மூக்கு இல்லாதவனுக்கு எந்தப் பண்ணையில வேலை கொடுப்பான்?"

லஞ்சம் வாங்கியவனுக்கும் ஒருவரும் கொடுக்கவில்லை. பேசுவது குறைந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பட்ட அவமானத்தால் அப்படி ஆகிவிட்டார் என்றே நானும் நினைத்தேன்.

சில வருடம் கழித்து வலது கை நடுங்கத் தொடங்கியது. டாக்டர் கையை விட்டுவிட்டு வேறெதையெல்லாமோ கேட்டார். வாசனை தெரியாமல் போனதா? மலச்சிக்கல் உண்டா? தூக்கத்தில் உதைப்பாரா? மனசு சோர்ந்து கிடக்கிறாரா? அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பார்க்கின்சன் நோய் என்றார். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாமாம். ஆனால் இவருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே நோய் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டுமாம்.

அத்தான் தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப நான் காசு வாங்கலன்னு எழுதித் தருவீங்களா, சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

அக்கா அண்ணனை வரவழைத்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டான்.

"வாங்கின கைதானே நடுங்குது?" என்றான்.

அத்தான் எதிரில்தான் இருந்தார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. முகத்தையும் நோய் இறுக்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னான்:

"பாத்தியா, சொரணை இருக்கா அந்த மூஞ்சில?"