மூணு பேர் ஆட்டம்

என் தம்பியை எங்க பில்டிங்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "கப்பல் வந்தாச்சா?", "கப்பல் எப்ப கிளம்புது?" இவ்வளவுதான். ஒன்பது வருஷமா கப்பல் இன்ஜின் ரூம்ல வேலை. பத்து மாசம் கடல், ரெண்டு மாசம் வீடு. அந்த ரெண்டு மாசமும் விருந்துக்கு வந்தவன் மாதிரிதான் இருப்பான். சொந்த வீட்டு பாத்ரூம் கதவையே தட்டிட்டுத்தான் திறப்பான். பத்து நிமிஷத்துல சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைச்சிடுவான். இன்ஜின் சத்தத்துல இடது காது பாதி போச்சு. அதனால அவன் முதல் மாடியில பேசினா ரெண்டாவது மாடியில எனக்குக் கேக்கும். அந்த வீட்டுல எனக்குத் தெரியாத ரகசியம் எதுவும் கிடையாது.

ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்குப் பதினொண்ணு, குட்டிக்கு ஆறு. அம்மாவை ரெண்டும் நீ, வா, போன்னுதான் பேசும். என்னைப் பத்திக் கேக்கவே வேண்டாம், "அத்தை, உனக்கு அறிவிருக்கா?"ன்னு கேக்கற கழுதைங்க. அப்பான்னு வந்தா மட்டும் "நீங்க". "நீங்க சாப்பிட்டீங்களா? நீங்க உக்காருங்க." பாக்கறவங்க எல்லாம் என்ன மரியாதையான பிள்ளைங்கன்னு மெச்சிக்குவாங்க. பெத்த அப்பன்கிட்ட பாங்க் மேனேஜர்கிட்ட பேசற மாதிரி பேசினா அதுக்குப் பேரு மரியாதையா?

இந்தத் தடவை அவன் வந்தப்ப ஒரு நல்ல சேதி இருந்துச்சு. அவன் பொண்டாட்டி நர்ஸா இருக்கற ஆஸ்பத்திரியில பாய்லர் பாத்துக்க ஆள் கேட்டாங்க. உள்ளூர் வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். ஆனா கப்பல் கம்பெனியும் விடலை. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், வர்றேன்னு சொன்னா அடுத்த வாரமே கிளம்பணும்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? பாய்லர் வேலைக்குச் சேரு"ன்னு நான் கத்தினேன்.

அவன் அன்னைக்கு அதிசயமா மெதுவாப் பேசினான். "குட்டி தினமும் காலையில எந்திரிச்சதும் என்ன கேக்கறா தெரியுமாக்கா? அப்பா, நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு. பாவம், கெட்ட எண்ணமில்ல. பழக்கம். நான் இல்லாம இருக்கறதுதான் அதுங்களுக்குப் பழக்கம். நான் இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன் மேலயா, பிள்ளைங்க மேலயா, அந்தக் கப்பல் மேலயான்னு எனக்கே தெரியலை. "அதுங்க என்ன பண்ணுதோ அதை நீயும் கூட உக்காந்து பண்ணுடா, மண்டு"ன்னு திட்டிட்டேன்.

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அதுங்க என்ன பண்ணும்? ஆளுக்கொரு மூலையில டேப்லெட்டை வைச்சுக்கிட்டு, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு கேம் ஆடும். மறுநாளே, செவ்வாய்க்கிழமை, என்னையும் இழுத்துக்கிட்டு கேம் கடைக்குக் கிளம்பிட்டான்.

ஒன்றரை மணி நேரம்! ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து, திருப்பி, பின்னாடி இருக்கறதை ஒரு எழுத்து விடாம படிச்சான். அட்டை மூலையில ஒரு நம்பர் போட்டிருந்துச்சு. ஒண்ணுல பதினெட்டு. "பதினெட்டு பேரா? எங்க வீட்டுல நிக்கவே இடம் பத்தாதே"ன்னு வைச்சுட்டான். ஒண்ணுல பன்னெண்டு. "பில்டிங்கையே கூட்டணும்." நானும் பக்கத்துல நின்னு பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். ஏழுன்னு போட்டிருந்ததைப் பாத்து, "நாம எல்லாரும் சேந்தாக்கூட அஞ்சு பேர்தானேடா"ன்னு கணக்கு வேற சொன்னேன்.

கடைக்கார அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எங்களைப் பாத்தாங்க. "குழந்தைங்களுக்கு என்ன வயசு?"

"வயசு பிரச்சினை இல்லைங்க. ஆள் கணக்குதான் முக்கியம்"னான் தம்பி.

அந்த அம்மா வாயைத் திறந்தாங்க, மறுபடி மூடிட்டாங்க. இவன் குரலுக்கு எதிர்ல யாரு பேசறது.

ஆனா ஒண்ணு சொல்லணும், ஓட்டிப் பாக்காம வாங்க மாட்டேன்னுட்டான். கடை டிவியில போடச் சொல்லி முறைச்சுப் பாத்தான். ஒண்ணுல காரை ஓட்டிக்கிட்டே ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுத் தள்ளறான். "பெரியவ ஜெயிப்பா, குட்டி அழும். வேண்டாம்." இன்னொண்ணுல முன்பின் தெரியாதவங்க எல்லாம் வந்து பேசறாங்க. "வீட்டு ஆளுங்களோட பேசவே இங்க வழியைக் காணோம், அடுத்ததைப் போடுங்க." கடைசியா ஒரு வாத்து, ஒரு நண்டு, ஒரு ஆமை. மூணும் சேந்து ஒரு பெரிய சோபாவைத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டணும். ஒண்ணு விழுந்தா மூணும் விழும், ஜெயிச்சாலும் மூணும் ஜெயிக்கும். அட்டையைத் திருப்பினான். மூலையில 3.

"நான், பெரியவ, குட்டி. அவங்க அம்மா ஷிஃப்டுக்குப் போயிடுவா. சரியா மூணு!" அவன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்து எவ்வளவு நாளாச்சு. கேம் ஆடற மெஷின், டப்பா, கையில பிடிக்கற கண்ட்ரோலர் மூணு, எல்லாத்தையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து டிவி முன்னாடி வைச்சதும் பெரியவ டப்பாவை எடுத்துப் பாத்தா. மூஞ்சி மாறிப்போச்சு.

"இது மூணு வயசுக்குப்பா."

"என்னது?"

"இந்த 3 வயசு. மூணு வயசுப் பாப்பா ஆடறது. நான் ஆறாவது படிக்கறேன். உங்களுக்கு என் வயசே தெரியாதுல்ல?"

ஐயோ. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. மருந்துக்கடை கவுன்டர்ல நிக்கறவ நான். சிரப் பாட்டில்ல வயசு பாத்துத் தர்றதுதான் என் பொழைப்பே. டாக்டருங்க கிறுக்கலையே படிக்கற இந்தக் கண்ணுக்கு அந்த மூணு வயசாத் தெரியலையே!

தம்பி திருதிருன்னு முழிச்சான். அப்புறம் டப்பாவைக் கையில வாங்கி, அந்த நம்பரைக் கட்டை விரலால தடவினான். "உனக்குப் பதினொண்ணு. போன மாசம் ஒன்பதாம் தேதி முடிஞ்சுது. நான் இதை ஆள் கணக்குன்னு நினைச்சுட்டேம்மா. நீ, குட்டி, நான். மூணு பேர்."

பெரியவ அந்த மூணு கண்ட்ரோலரையும் பாத்தா. அப்புறம் ஒண்ணை எடுத்துக்கிட்டு, "நான் வாத்து"ன்னு உக்காந்தா. குட்டி ஓடிவந்து நண்டைப் பிடிச்சுக்கிச்சு. கப்பலுக்கு ஆமை.

அவ்வளவு பெரிய இன்ஜினை ஓட்டினவனுக்கு அந்த அஞ்சாறு பட்டன் அடங்கலை. குதிக்கச் சொன்னா உக்காருவான், உக்காரச் சொன்னா சோபாவை விட்டுடுவான். பலகைக்குப் பலகை தாவணும், மூணும் ஒரே நேரத்துல. பெரியவ சொல்லுவா, "அப்பா, நீங்க குதிங்க." சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆமை தண்ணியில. "அப்பா, நீங்க இப்ப குதிங்க." தண்ணியில. பதினோரு தடவை எண்ணினேன். புதன்கிழமை அதே கதை, வியாழக்கிழமை அதே கதை. ஸ்கூல் விட்டு வந்து பையைப் போட்டதும் மூணும் தரையில உக்காந்துடும். ஹெட்போன் ரெண்டும் அலமாரியில சும்மா கிடந்துச்சு.

வெள்ளிக்கிழமைதான் அது நடந்துச்சு. சோபா கரைக்குக் கிட்ட வந்துடுச்சு. இன்னும் ஒரே ஒரு பலகை. பெரியவ முட்டி போட்டு நிமிந்துட்டா. "அப்பா, நீங்க... குதி! அப்பா குதி! டேய் அப்பா, குதிடா!"

ஆமை குதிச்சுது. சோபா கரையேறிடுச்சு. மூணும் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் பழக்க தோஷத்துல, "ஏய், அப்பாவை டா போட்டா..."ன்னு ஆரம்பிச்சேன். தம்பி திரும்பி என்னைப் பாத்தான். அக்கா, தயவுசெஞ்சு வாயைத் திறக்காதேன்னு கண்ணாலயே கெஞ்சினான். அந்தக் கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. நான் கிச்சனுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு நல்லா அழுதேன்.

சனிக்கிழமை காலையில அடுத்த ஆத்தைத் தாண்டிக்கிட்டிருந்தாங்க. பாதியில போன் அடிச்சுது. காது சரியாக் கேக்காதுன்னு இவன் எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவான். கப்பல் கம்பெனி.

"சார், என்ன முடிவு பண்ணீங்க? அடுத்த வாரம் வர்றீங்கதானே?"

ரெண்டு பிள்ளைங்களும் டிவியைப் பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க. ஆனா வாத்தும் நண்டும் அசையாம நின்னுடுச்சு.

"வர முடியாது சார்"னான் தம்பி, பில்டிங் முழுக்கக் கேக்கற குரல்ல. "இங்க மூணு ஆள் வேலை. நான் வந்துட்டா ஒரு ஆள் குறையும்."

கம்பெனிக்காரர் விடலை. "அப்படியா? எந்தக் கம்பெனி சார்? எந்தக் கப்பல்?"

இவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதுக்குள்ள குட்டி கத்திச்சு.

"டேய் அப்பா, போனை வைடா! நீ வராம நாங்க எப்படிப் போறது?"