சம்பந்திக்கு இன்னும் இரண்டு உயிர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்ற ஐந்தையும் கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்து ஆளாக்கியவள் நான். சினிமாவில் எத்தனை பேர் வந்தாலும் பெயர் எனக்கு நிற்காது. யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துவிட்டால் போதும், கடைசிவரை ஒருத்தரையும் தவறவிட மாட்டேன்.

கல்பாக்கத்தில் மகன் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பேரன் கம்ப்யூட்டரில் ஒரு சண்டை விளையாட்டு ஆடுவான். அவன் பக்கமே பெரிய கூட்டம், அத்தனைக்கும் வாயில் நுழையாத பெயர்.

“இன்னாடா இது, முறையே இல்லாத கூட்டம்?” என்று நானே முறை வைத்தேன். வில்காரி என் ஓரகத்தி. முந்தி ஓடுகிறவன் மூத்த மருமகன். கோடாலியோடு நின்ற இடத்தைவிட்டு நகராத தொப்பைக்காரர் சம்பந்தி. பேரனுக்கும் அதுவே பழகிவிட்டது.

ஒரு நாள் மருமகளின் அப்பா வந்து சாப்பிட்டுவிட்டு மதுராந்தகம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பேரன் கத்தினான்: “ஆயா, உன் சம்பந்தி செத்துட்டாரு.”

சமையலறையிலிருந்த மருமகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பஸ்ஸுக்கு நின்ற மனுஷரைக் கையோடு இழுத்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

“இதுல நான் யாரு, சம்பந்தியம்மா?”

பேரன் தொப்பையைக் காட்டினான். “இன்னும் ரெண்டு உசுரு கீது தாத்தா, எழுந்துடுவீங்க.”

அன்று முழுக்க மருமகள் என்னோடு பேசவில்லை. அவரோ அதற்குப்பின் எப்போது வந்தாலும், “எனக்கு இன்னும் எத்தினி உசுரு கீது?” என்று கேட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படித்துக் காட்டு. தொப்பை வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்கிப் படி, உன் அம்மா உள்ளேதான் இருக்கிறாள்.