சம்மணம் போடவைத்த என் அவசரம்

நாங்கள் கோவைக்காரர்கள், புனே விஷ்ராந்த்வாடியில் வசிக்கிறோம். சில மாதங்களாகப் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். குனிந்தால் பாதத்தைத் தொட முடியாத எனக்கு உள்ளங்கையே தரையில் படத் தொடங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது.

அப்போது எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம் நெருங்கியது. நாளெல்லாம் லேப்டாப் முன்னால் நாற்காலியில் இருக்கும் என் கணவருக்குச் சம்மணம் போட வராது. ஹோமத்தில் எப்படி உட்காருவார்? "நான் பழக்கி விடறேன்" என்று அவரைப் பாயில் உட்காரவைத்து, இரண்டு முழங்காலையும் தரையை நோக்கி அழுத்தினேன்.

"வலிக்குது, விடு" என்றார். "இதுக்கேவா?" என்று சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினேன். அலறிவிட்டார். உள்தொடைத் தசை கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார்.

ஹோமத்தன்று எல்லோரும் தரையில் இருக்க, அவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். "என்னங்க மாப்ள ஆச்சு?" என்று என் அப்பா கேட்டார்.

"படியில வழுக்கிட்டேனுங்க மாமா."

"பாத்து எறங்கோணுமுங்க" என்று அம்மா அவருக்கே புத்தி சொன்னார். ஹோமப் புகையால் என் கண் கலங்குவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பயிற்சியாளரிடம் சொன்னபோது, "உங்களை நான் ஒருநாளாவது அழுத்தினேனா மேடம்?" என்று இந்தியில் கேட்டார். இல்லைதான். தசைக்கு வலு ஏற ஏற, அது மெல்லத்தான் இளகியது.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லித் தருவதில்லை. வகுப்புக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன். குணமான பிறகு என் கணவரும் அங்கே வருகிறார். பாயை மட்டும் என் பக்கத்தில் விரிப்பதில்லை.