ஐந்துக்கு நான்கு

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அதில் பாதி அந்த டாக்டர் மேல். மீதி, அன்றைக்கு ஒன்பது வயதாக இருந்த என் மேலேயே.

பிறக்கும்போது என் தோள் உள்ளே மாட்டிக்கொண்டதாம். இழுத்தெடுத்தவர்கள், கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகளையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை காரைக்காலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அதே ஆஸ்பத்திரிக்குக் கைப் பயிற்சிக்குப் போவோம்; வருடத்துக்கு ஒருமுறை கையை அளப்பார்கள். அம்மா துணிக்கடையில் வேலை பார்த்தாள். அவள் லீவு கேட்கும்போதெல்லாம் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அளப்பவர் ஓர் இளைஞர். கையைத் தூக்கு என்பார், பிடரியைத் தொடு என்பார், வாயைத் தொடு என்பார். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இங்கேயாவது வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இடுப்பை ஒருபக்கமாக ஒடித்தால் கை இன்னும் கொஞ்சம் மேலே போகும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். அன்றைக்கும் ஒடித்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் நான்கு போட்டார்.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் தாளை மட்டும் பார்த்தார்.

“நல்ல ரிசல்ட்டும்மா. இனிமே எக்சர்சைஸுக்கு வர வேண்டாம்.”

அம்மா எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்து என் மடியில் வைத்தாள். “சாப்பிடுடி” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து புளிச்சோற்றை அள்ளினேன். கை வாய்க்குப் போகும்போது முழங்கை எப்போதும்போலத் தோளுக்கு மேலே ஏறி, பக்கத்தில் நின்ற இளைஞரின் விலாவில் இடித்தது.

“வாய்க்குப் போகுதில்லம்மா?” என்றார் டாக்டர்.

“போகுதுங்க. ஸ்கூல்ல இவ பக்கத்துல ஒரு புள்ளகூட உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்குது. சடை பின்னிக்க முடியல. யூனிஃபார்ம்ல முதுகு ஜிப்பைப் போட முடியல. அதையெல்லாம் எழுதுங்க.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா.”

“ஒன்பது வயசுப் புள்ளைங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார். அம்மா மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். அந்தத் தாளின் அடியில் வெற்றாகக் கிடந்த இடத்தில், தான் சொன்னதையெல்லாம் வரிவரியாக எழுத ஆரம்பித்தாள்.

“அதுல நீங்க எழுதக் கூடாது!” என்று டாக்டர் கத்தினார். கதவருகில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா எழுதி முடித்த பிறகுதான் பேனாவை வைத்தாள்.

நான் சோற்றுக் கையோடு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டுக்குப் போனேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “என் மார்க்கைக் கெடுத்துட்ட” என்று கத்தினேன். அவள் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு முன்சீட்டுக்குத் திரும்பினாள்.

அதோடு பயிற்சி நின்றது. கையும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த நான்கு மார்க், அவர்கள் செய்த ஆபரேஷனுக்கு அவர்களே போட்டுக்கொண்டது. அது என்னுடையது என்று நம்பி, என் கையைப் பற்றி அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆளோடு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.