'போடாதே'வில் காணாமல் போன 'தே'

பாகலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில், பெரிய பிரஸ் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்க்ரீன் மாட்டியிருக்கிறது. பழுதுபார்க்கும் ஃபிட்டர் மெஷினுக்கு அடியில் போவதற்கு முன் அதில் தன் அட்டையைத் தேய்ப்பார். ஸ்க்ரீன் சிவப்பாகும். "சுவிட்சைப் போடாதே" என்று ஒரே ஒரு வரி வரும். முறைப்படி சுவிட்சுக்குப் பூட்டும் போட வேண்டும். ஆனால் சின்ன வேலைக்கு எவரும் பூட்டைத் தேடிப் போவதில்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு மனிதர் இரும்புக்கு அடியில் படுக்கிறார்.

அந்த வரியை ஸ்க்ரீனுக்குக் கொண்டுவருவது ஒரு டெம்ப்ளேட். அது நடுவில் ஓட்டை விட்ட பக்கம், வேறொன்றுமில்லை. ஓட்டையில் வாக்கியத்தை ஊற்றினால் ஸ்க்ரீனில் தெரியும். எழுதிக் கொடுத்தது பெங்களூர்க் கம்பெனி. நான் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறவள். ப்ரோக்ராம் கோடைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கம்பெனியின் டீம் லீட் சரி என்று சொல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அவர் வாரம் ஒருமுறை அத்திப்பள்ளி வண்டி நெரிசலைத் தாண்டி வந்து, நெரிசலைப் பற்றியே அரை நாள் பேசிவிட்டுப் போவார்.

ஒரு தடவை வாக்கியம் சிவப்புக் கட்டத்துக்கு வெளியே வழியக்கூடாது என்று ஒரு வரி கோடு சேர்த்தார். நாற்பத்தைந்து பைட் வரை வைத்துக்கொள், மிச்சத்தை வெட்டு. கம்ப்யூட்டர் கணக்கில் இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். அவர் சோதித்ததும் இங்கிலீஷில்தான். தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று பைட், அதன் மேல் வரும் புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக இன்னும் மூன்று. கத்தி எங்கே விழுந்தது என்றால், சரியாக 'தே'வின் கழுத்தில். ஸ்க்ரீனில் "சுவிட்சைப் போடா" என்று வந்தது. அதன் வால் போல, வெட்டுப்பட்ட 'த'வின் மிச்சமாக, கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புக் கட்டம்.

சொன்னேன். லீடுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அது குற்றமில்லை. கேட்கவும் தெரியாது, அதுதான் குற்றம்.

"ஃபான்ட் இஷ்யூ மேடம்" என்றார். அவருக்கு எது நடந்தாலும் ஃபான்ட் இஷ்யூ, எழுத்துருக் கோளாறுதான். மழை பெய்தாலும் அப்படித்தான் சொல்வார். படிக்க முடியாத பைட் வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடு என்று ஒரு சொல்லைக் கோடில் சேர்த்தார். கறுப்புக் கட்டம் மறைந்தது. "பாருங்க, நீட்டா இருக்கு."

நீட்டாகத்தான் இருந்தது. கட்டம் இருந்தவரை ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றாவது பார்த்தவனுக்குத் தெரியும். இப்போது முழு வாக்கியம் போல நின்று கட்டளை இடுகிறது, சுவிட்சைப் போடா என்று.

இந்த ஊர்க்காரர்களின் கோபம் எங்கே போனது தெரியுமா? மரியாதைக்குப் போனது. கேன்டீனில் அதே பேச்சு.

"எங்கப்பன்கூட என்னப் போடான்னு சொன்னதில்ல. இந்த டிவி சொல்லுது பாரு."

"உன் மூஞ்சிக்கு அது கரெக்டாத்தான் சொல்லுது, சாம்பார ஊத்துடா."

புகார் ஹெச்.ஆர். அதிகாரியிடம் போனது. அவர் தமிழர், சேலத்துக்காரர், படித்தவர். ஸ்க்ரீன் முன் நின்று தலையை ஆட்டினார்.

"தொழிலாளிங்கள இப்படியா பேசறது? மரியாதையா மாத்துங்க."

"சார், அது திட்டு இல்ல. போடாதேங்கறது பாதியில வெட்டுப்பட்டு நிக்குது. வெட்டற கோட எடுக்கணும்."

"அதெல்லாம் டெக்னிக்கல்மா. எனக்கு மரியாதை வந்தாப் போதும்."

என்னை விட்டுவிட்டு நேராக லீடுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்: சுவிட்சைப் போடுங்கள். லீட் அப்படியே எடுத்து ஒட்டினார். ஒருவருக்குத் தமிழ் தெரியும், யோசிக்கத் தெரியாது. இன்னொருவருக்கு இரண்டும் தெரியாது. கத்தி பழைய இடத்திலேயே இருந்ததால் மரியாதையும் தப்பவில்லை. 'ங்கள்' விழுந்து, ஸ்க்ரீனில் "சுவிட்சைப் போடு" என்று வந்தது.

மறுநாள் காலை பிரஸ்ஸில் டை, அதாவது தகட்டை அழுத்தும் அச்சு, சிக்கிக்கொண்டது. ஃபிட்டர் பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அட்டையைத் தேய்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது ஹெச்.ஆரும் லீடும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். அது லீட் வருகிற நாள்.

"ஏம்மா, இத்தினி நாளு போடான்னுச்சு. சரி, மெஷினுக்கு என்னா மரியாத தெரியும்னு உட்டேன். இப்ப போடுங்குது. நான் அடியில கெடக்கறப்ப எவனாச்சும் புதுசா வந்தவன் இதப் படிச்சிட்டு நெஜமாவே போட்டுட்டான்னா?"

"யாருப்பா அப்படிப் போடுவாங்க?" என்றார் ஹெச்.ஆர்.

"அப்ப நீங்க உள்ள போங்க சார். நான் வெளிய நிக்கறேன்."

ஹெச்.ஆர். தன் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டார். பூட்டைக் கொண்டுவரச் சொன்னார். பூட்டு வந்தது, சாவி வரவில்லை. உற்பத்தி லைன் நின்றது.

"ஃபான்ட் இஷ்யூ, நெக்ஸ்ட் ரிலீஸ்ல பார்க்கலாம்" என்று லீட் தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வீட்டில் கன்னடம். எனக்கும் அது பேச வரும். இந்தக் கன்னட எல்லை ஊரில் யாருக்குத்தான் வராது?

"உங்க வீட்டுல குழந்த சுவிட்சுகிட்ட போனா என்னன்னு கத்துவீங்க? 'ஹாக்பேடா'தானே, எங்க 'போடாதே' மாதிரி? 'ஹாக்' சொன்னதும் நான் உங்க வாயப் பொத்தினா குழந்தைக்கு என்ன கேக்கும்? இங்கிலீஷ்ல 'வேணாம்' முன்னாடி வரும். உங்களுக்கும் எங்களுக்கும் கடைசியிலதான் வரும். நீங்க வெட்டறது அந்தக் கடைசியத்தான்."

இவ்வளவு நாள் தமிழ்ப் பிரச்சினையாக இருந்தது அப்போதுதான் லீடின் காதில் விழுந்தது. லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

வெட்டுகிற வரியை எடுத்தேன். விழுங்குகிற சொல்லை எடுத்தேன். நீளமான வாக்கியம் வந்தால் மடங்கி அடுத்த வரிக்குப் போகட்டும் என்று கட்டத்தை விட்டேன். 'போடாதே' என்று திரும்ப அடித்தேன். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அடுத்த ரிலீஸ் வரை காத்திருக்க வேண்டுமாம்.

ஹெச்.ஆர். பின்னாலிருந்து, "போடாதீர்கள்னு போடலாமே" என்றார். நான் சேவ் பட்டனை அழுத்தினேன்.

ஃபிட்டர் மறுபடி அட்டையைத் தேய்த்தார். சிவப்பு வந்தது. எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படித்தார், புதிதாகப் பள்ளிக்குப் போனவர் மாதிரி. கடைசி எழுத்தில் விரலை வைத்து, "தே" என்றார்.

"இன்னொரு தபா வரவைம்மா."

வரவைத்தேன். 'தே' இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனார்.

லீட் நின்றபடியே மெயில் அடித்தார். எட்டிப் பார்த்தேன்: சிறிய ஃபான்ட் பிரச்சினை, சரிசெய்யப்பட்டது. பிரஸ்ஸுக்கு வெளியே ஃபிட்டரின் இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன. நான் சுவிட்சுக்கு முன்னால் போய், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் மேடம், அதான் ஃபிக்ஸ் ஆயிடுச்சே?" என்றார் லீட்.

"அவர் வெளிய வரட்டும்" என்றேன்.