நந்திதுர்க் பேரரசிக்கு ஒரு சீட்

இந்துவுக்கு வயது நாற்பத்தாறு. ஒயிட்ஃபீல்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி ஒட்டுகிற வேலை. ஆனால் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறிக் கைபேசியைத் திறந்துவிட்டால் அவள் நந்திதுர்க் பேரரசி. ஆளுக்கொரு நாடு அமைத்து ஆளும் இணைய விளையாட்டு அது. அவள் கூட்டணியில் இருபத்திரண்டு நாடுகள். மூன்று வருடமாக மண்டலத் தலைவி பதவியும் அவளிடம்தான். வீட்டில் டிவி ரிமோட்கூட அவள் கைக்கு வராது. அதனால் இந்தப் பதவியை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு வேட்டு வைக்க வந்தது சயனைடு கூட்டணி. அதன் தலைவன் வேறு யாருமில்லை, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வரும் நந்தகுமார்தான். ஒருநாள் அவன் திரையை ஓரக்கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவனிடம் மூச்சுவிடவில்லை.

ரயில் புறப்படுகிற மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள், வழியில் ஏறுகிறவர்களுக்கு இடம் போட்டு வைப்பது அந்தப் பெட்டியின் சட்டம். கொரமண்டலில் ஏறும் நந்தகுமாருக்கு ஆறு வருடமாக இந்துவின் டிபன் பைதான் இடம் போடும்.

அன்று மண்டலத் தலைவர் தேர்தல், காலை எட்டு மணிக்கு ஓட்டு முடிகிறது. சயனைடு நாடுகள் தலைவனின் கட்டளை வராமல் ஓட்டுப் போடாது. இந்து டிபன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, சீட் போடலையா?"

"மறந்தே பூட்டேன் நந்து."

ஒரு கையில் கம்பி, மறு கையில் பை, முதுகில் நாலு பேர். அவனால் சட்டைப் பைக்குள் கைவிடவே முடியவில்லை. பங்காருபேட்டையில் இன்னும் கூட்டம் ஏறியது. எட்டு மணிக்கு இந்து இரண்டு ஓட்டில் ஜெயித்திருந்தாள். கொஞ்சம்கூட வெட்கமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாலை ரயில் பெங்களூரிலிருந்து வருகிறது. அதில் நந்தகுமார் ஏறிய பிறகுதான் ஒயிட்ஃபீல்டு. அப்போது இடம் போடுவது அவன் முறை என்பதைப் பேரரசி யோசிக்கவே இல்லை. முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க ஏறினாள். சன்னலோர இடத்தில் அவன் பை இருந்தது. பைமேல் அவன் கையும் இருந்தது.

"ஒக்காரலாங்க்கா. ராஜினாமா எழுதிட்டு ஒக்காருங்க."

"இன்னா ராஜினாமா?"

"நந்திதுர்க்னு நம்ம சுரங்கத்து பேர வெச்சிகினு, நம்மூர் ஆளுன்னு தெரியாம பூடுமா? காலைல சீட் போடாதப்பவே நீங்கதான்னு புரிஞ்சிபோச்சு."

மாலூர் வரை நின்று பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை. மூன்று வருடப் பதவியை கைபேசியில் இரண்டே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது. டேக்கல் தாண்டியதும் டிபன் பையை மடியில் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"நந்து, நாளைக்கி காலைல டூட்டி இருக்குதில்ல?"